மே 20 அன்று தேனீப் பெட்டி வைக்காதீர்கள்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலை நிர்வாகங்களுக்கு,

வணக்கம். மே 20 உலகத் தேனீ தினத்தை ஒட்டி வளாகத்தில் தேனீப் பெட்டி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். நோக்கம் நல்லது, நாள்தான் பொருந்தவில்லை. ஸ்லோவேனியாவின் தேனீ வளர்ப்பு முன்னோடி அன்டோன் யான்ஷா நினைவாக ஐ.நா. 2017இல் அறிவித்த நாள் அது. அங்கே அப்போது வசந்தம், இங்கே கத்திரி. வேம்பும் புங்கனும் பெரும்பாலும் பூத்து ஓய்ந்திருக்கும். தேனீப் புழு வளர அடைக்குள் (மெழுகுக் கூட்டுக்குள்) 34–35 டிகிரி போதும். மொட்டை மாடியில் சூடு அதைத் தாண்டினால் தேனீக்கள் இரை தேடுவதை விட்டுத் தண்ணீர் சுமக்கும், சிறகால் விசிறும். அதுவும் பலிக்காவிட்டால் கூண்டோடு ஓடிவிடும். மிஞ்சுவது காலிப் பெட்டியும் திறப்பு விழாப் படமும்தான்.

தை கடைசியில் வையுங்கள். தேனீக் குடும்பம் பெருகும்போது பூவும் வரும். இத்தாலியத் தேனீ வேண்டாம். பூவைத் தேடி ஊர் ஊராகப் பெட்டி தூக்குகிறவர்களுக்கே அது சரிப்படும். இந்தியத் தேனீயில் 2 பெட்டி போதும். மர நிழலில், வாசல் கிழக்கு பார்க்க, இரவு ஷிப்ட் விளக்கு வாசலில் படாத இடமாக வையுங்கள்.

எறும்பு ஏறாமலிருக்க, பெட்டி ஸ்டாண்டின் 4 கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். முதல் வாரம் எல்லோரும் ஊற்றுவார்கள், பிறகு காய்ந்துவிடும். தண்ணீர் இருந்தாலும் காலில் சாய்ந்த ஒரு புல் போதும், எறும்புக்கு அதுவே பாலம்.

வாரம் ஒருமுறை பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களைத் தூக்கிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அடையில் வெள்ளை நூலாம்படை தெரிந்தால் மெழுகு அந்துப்பூச்சி. தேனீக்கள் மொய்த்து மூட முடியாத அளவுக்கு அடை மிகுந்ததுதான் பெரும்பாலும் காரணம். காலி அடையை எடுத்துவிட்டு அடிப்பலகையைச் சுரண்டுங்கள், மருந்து அடிக்காதீர்கள். அடையின் கீழ் விளிம்பில் புது ராணி வளரும் அறைகள் தொங்கினால் உடனே குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிக் கூட்டம் ஏசி அவுட்டோர் யூனிட்டில் போய்த் தொங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரை இருக்காது. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து, காய்ச்சி ஆறவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றி, முழுகிச் சாகாமலிருக்க நாலு குச்சி போட்டு, பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள் வையுங்கள். பகலில் வெளியே சிந்தினால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும்!

கொசுப்புகை அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அன்று இருட்டியதும் வாசலைக் கம்பி வலையால் மூடி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி, புகை கலைந்ததும் சாக்கையும் வலையையும் எடுத்துவிடுங்கள். காற்றே புகாமல் அடைத்தால் உள்ளேயே புழுங்கிச் சாகும்.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கட்டினால் பழி உங்கள் பெட்டிமேல் விழும். அது வேறு இனம் என்று செக்யூரிட்டிக்குச் சொல்லி வையுங்கள், கொளுத்த விடாதீர்கள். நம் பகுதிக் காற்று மாசைச் சொல்லவே வேண்டாம், அது தேனிலும் சேரலாம். ஆய்வகத்தில் சோதிக்காமல் தீபாவளிப் பரிசாகத் தேனைக் கொடுக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை பெட்டியைத் திறக்க ஆள் இல்லையா? பெட்டியே வேண்டாம். சுற்றுச்சுவர் ஓரம் முருங்கையும் புங்கனும், தொட்டிகளில் துளசியும் டேபிள் ரோஸும் வையுங்கள். கூழாங்கல் போட்ட தட்டில் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். மரக்கொம்பில் கூடு கட்டும் கொம்புத்தேனீயும் கொட்டாத கொசுத்தேனீயும் தாமாகவே வரும்.

இப்படிக்கு,
வடசென்னைத் தேனீ வளர்ப்போர்