பந்தி விசாரித்தவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆதித் திருச்சபையைப் பற்றிய கட்டுரையில், 'அப்போஸ்தலர்கள் போதித்தார்கள். பெண்கள் உணவு பரிமாறித் துணை நின்றார்கள்' என்று ஒரு வரி. வேதாகமத்தைக் கரைத்துக் குடித்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தில் பந்தி விசாரணைக்கென்று, அதாவது உணவுப் பந்தியைக் கவனிக்கவென்று, தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரும் ஆண்கள், ஸ்தேவான் உட்பட. அவர்களை யாரும் பரிமாறுகிறவர்கள் என்று எழுதிப் பார்த்ததில்லை.

பெபேயாள் பெயரே கட்டுரையில் இல்லை. கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறாரே, அவள்தான். கிரேக்கத்தில் அங்கே வரும் 'தியாகோனொஸ்' (ஊழியர்) என்ற சொல்லைத்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது தனக்கும் உடன் ஊழியரான அப்பொல்லோவுக்கும் போடுகிறார். பவுல் செய்தால் ஊழியம், பெபேயாள் செய்தால் உபசாரமா? ரோமருக்கு எழுதிய அதே அதிகாரத்தில் யூனியா என்ற பெண்ணும் 'அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்களில்' ஒருத்தி. (அதை ஆண் பெயராக்கி அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகள் போன நூற்றாண்டில்கூட வந்தன. அவ்வளவு உறுத்தல்!)

சரி, இது இன்று நேற்றைய கோபமில்லை. போன ஈஸ்டர் இதழில் மகதலேனா மரியாளை விபசாரி என்றீர்கள். எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது? ஏழு பிசாசுகள் நீங்கினவள் என்றுதான் லூக்கா சொல்கிறார். 591-ல் போப் கிரிகோரி ஒரு பிரசங்கத்தில் அவளையும், லூக்கா பெயர் சொல்லாமல் குறிப்பிடும் பாவியான ஸ்திரீயையும் ஒருத்தியாக்கினார். அதையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். தங்கள் அலுவலகத்தில் குப்பைக்கூடை பெரிது போலும்.

முப்பது வருடமாக ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறேன். என்னிடம் வசனம் ஒப்பித்த பையன்கள் இன்று கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) கத்தரிக்காய் எத்தனை கிலோ என்று கேட்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை ஆலயக் கணக்கைப் பற்றிக் கேட்டேன். "டீச்சர், அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று பதில் வந்தது.

'ஆக்கில்லாவும் அவர் மனைவியும் அப்பொல்லோவுக்கு உபதேசத்தை விளக்கினார்கள்' என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. அந்த மனைவிக்குப் பிரிஸ்கில்லாள் என்று பெயர் உண்டு. ரோமருக்கு வாழ்த்து எழுதும்போது பவுல் அவள் பெயரைத்தான் முதலில் எழுதுகிறார். அடுத்த இதழில் திருத்தம் போட இடமிருந்தால், அந்தப் பெயரை மட்டுமாவது சேர்த்துவிடுங்கள். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்