கயிறும் கானும்: சனிக்கிழமைப் பயிற்சிக்கு முன்

வணக்கம். நீரில் தத்தளிப்பவருக்குக் கயிறு கட்டிய கானை எறிந்து கரைக்கு இழுக்கும் பயிற்சி இது. அதற்காகக் கொழும்புப் புறக்கோட்டையில் கயிறு வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும். கடையில் எல்லாமே 'நைலோன்'தான்! உண்மையான நைலோன் தண்ணீரில் தாழும், பொலிப்புரொப்பிலீன் மிதக்கும். நமக்கு வேண்டியது மிதக்கும் கயிறு. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதந்தால் மட்டும் 15 மீற்றர் வெட்டச் சொல்லுங்கள்.

5 லீற்றர் வெற்றுப் பிளாஸ்டிக் கானில் இரண்டு கோப்பைத் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கி, கயிற்றின் நுனியில் கட்டுங்கள். வெறும் கான் காற்றில் விலகிப் போகும். குளத்தில் தத்தளிப்பவரின் தோளைத் தாண்டி எறிந்து, பிறகு இழுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. இழுக்குமுன் பிள்ளை கரையில் குப்புறப் படுக்கட்டும். நின்றால் அதுவும் உள்ளே போய்விடும்.

பெற்றோருக்கு: கரைசேர்த்தவருக்கு மூச்சில்லையென்றால் தலைகீழாகத் தூக்கவோ வயிற்றை அமுக்கவோ வேண்டாம். முதலில் 5 தடவை வாயால் ஊதி, பிறகு 30 நெஞ்சழுத்தம், 2 ஊதல். மற்றவர் உடனே அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழைக்கட்டும்.