பாக்கெட்டில் இருப்பது உயிர்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் உரம், பூச்சிமருந்து பற்றியெல்லாம் விவரமாக எழுதுகிறீர்கள். வேரை ஒட்டி வாழ்கிற நல்ல பாக்டீரியாக்களுக்கும் அதே அளவு இடம் கொடுங்கள். சூடோமோனாஸ், பேசில்லஸ், அசோஸ்பைரில்லம் என்று பெயர்கள் பலருக்கும் தெரியும். ஆனால் "போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களிடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால், உயிருள்ள பாக்டீரியா இருக்கும் பாக்கெட் பல நாள் வெயிலில் கிடந்திருக்கும், இல்லையென்றால் தேதி முடிந்திருக்கும்.

நானும் தப்புச் செய்தவன்தான். தக்காளி நாற்றுக்கு சூடோமோனாஸையும் தாமிரப் பூஞ்சணக்கொல்லியையும் ஒரே தொட்டியில் கலந்து ஊற்றினேன். தாமிரம் பாக்டீரியாவையும் கொல்லும் என்று விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாளில் நாற்று வரிசை வரிசையாகத் தலை தொங்கிவிட்டது.

செடி தன் வேர் வழியாகச் சர்க்கரையையும் அமிலங்களையும் கசியவிடுகிறது, அதைத் தின்னத்தான் இந்தப் பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றி வந்து சேர்கின்றன. சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் மண்ணிலிருக்கும் இரும்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளைச் சுரக்கிறது, இரும்பு கிடைக்காத நோய்ப் பூஞ்சை வளர முடியாமல் திணறும். அதைவிடப் பெரிய விஷயம், வேரில் இது குடியேறினால் செடி முழுக்க உஷாராகிவிடுகிறது, இலையில் நோய் வந்தால்கூடச் சட்டென்று எதிர்க்கிறது. அதனால் இதை முன்கூட்டியே, விதையிலோ நாற்றின் வேரிலோ கொடுக்க வேண்டும். நோய் முற்றிய பிறகு ஊற்றிவிட்டு குறை சொல்வதில் நியாயமில்லை.

பயறுச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கி அதில் வாழும் பாக்டீரியாதான் ரைசோபியம். அது வேலை செய்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பூக்கிற சமயத்தில் ஒரு பயறுச் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. 1888-லேயே பெய்ஜரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி இந்த முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துவிட்டார், இத்தனை காலத்துக்குப் பிறகும் கிள்ளிப் பார்க்கும் இந்தச் சின்னச் சோதனை பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், மண்ணில் மட்கு இல்லையென்றால் எந்தப் பாக்டீரியாவும் அதிக நாள் தங்காது. தொழுவுரத்தில் கலந்து ஈரம் இருக்கும்போது போடுவது நல்லது. விதையில் பூசினால் நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். இதையெல்லாம் விதைப்புக்கு முன்பே, எந்த மருந்தோடு கலக்கக்கூடாது என்ற பட்டியலோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி