இருப்புக் கொள்ளவில்லை

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் புத்தக அலமாரியை நாலு தடவை மாற்றி அடுக்கிவிட்டாயாமே! 'ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை' என்று எழுதிவிட்டு, 'அதென்ன இருப்பு, அதென்ன கொள்வது?' என்று என்னிடமே கேட்டிருக்கிறாய். வேலை இல்லாதவன் கேட்கிற கேள்விதான். ஆனாலும் இரண்டு நாளாக என்னையும் விடமாட்டேன் என்கிறது.

'கொள்' என்றதும் வாங்கு, எடு என்று போகாதே. 'வீடு கொள்ளாத கூட்டம்', 'இந்தக் குடம் இவ்வளவுதான் கொள்ளும்' என்கிறோமே, அந்தக் கொள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருப்பு, 'இரு' என்பதிலிருந்து வந்தது. கையிருப்பில் வருகிற இருப்பும் அதுவேதான், கையில் தங்கியிருப்பது. ஆக, உட்கார்ந்திருப்பது என்கிற காரியம் உனக்குள் தங்க இடமில்லாமல் வழிந்துவிடுகிறது.

வீட்டில் உன்னைக் 'குட்டி போட்ட பூனை' என்கிறார்களாம். கோபப்படாதே, கச்சிதமான உவமை. ஒரு பூனையை நானே பார்த்திருக்கிறேன். மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்டிருந்தது. ஒன்றைப் பிடரியில் கவ்வி மேலே கொண்டுபோய் வைத்தது. இறங்கி வந்து மற்றதைப் பார்த்து நின்றது. திரும்ப மேலே ஓடி, வைத்ததையே கவ்விக்கொண்டு கீழே வந்தது. ஏழு இடம் மாற்றும் என்பார்கள். நான் மூன்று வரை எண்ணினேன், அதற்குமேல் எனக்கே பொறுமை இல்லை.

அப்புறம், 'பரபர'வுக்கு வேர் எது என்றும் கேட்டிருக்கிறாய். 'பரவு' என்பதில் இருக்கும் 'பர'தானே என்று நீயே பதிலும் வைத்திருக்கிறாய். எனக்கு ஒப்புதல் இல்லை. இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையாது என்கிறது தொல்காப்பியம். பாதியாக வெட்டினால் சொல் செத்துப்போகும். துறுதுறு, குறுகுறு, படபட எல்லாம் அந்தச் சாதிதான். இவற்றின் ஊற்றை அகராதியில் தேடுவதைவிட உடம்பில் தேடலாம். பார், கை பரபரக்கும், நெஞ்சு படபடக்கும், வாய் துடிக்கும், கால் தரையில் பாவாது. தப்புப் பண்ணிய மனசு மட்டும் குறுகுறுக்கும். இடம் மாற்றிச் சொல்லிப் பார், நெஞ்சு பரபரத்தால்கூட ஏதோ ஒரு மாதிரி ஒப்பேற்றலாம், கை குறுகுறுத்தால் வேறு அர்த்தம் ஆகிவிடும்! செய்தித்தாள்காரர்கள்தான் பரபரப்பைக் கையிலிருந்து பிடுங்கி, 'அப்பகுதியில் பெரும் பரபரப்பு ஏற்பட்டது' என்று தெருவில் விட்டுவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நாம் இழந்த ஒரு சொல்லையும் சொல்கிறேன், அலமரல். 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்று தொல்காப்பியத்தில் வருகிறது. சுழல்வது, நிலையில்லாமல் திரிவது. குறுந்தொகையின் 28ஆம் பாட்டில் ஔவையார் இதைக் காற்றுக்குப் போடுகிறார். ஊரே தூங்குகிறது, ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். முட்டுவேனா, தாக்குவேனா, 'ஆ, ஒல்' என்று கூவிவிடுவேனா என்று தவிக்கிறாள். சுற்றிச் சுற்றி அலைக்கழிக்கிற காற்று வெளியே. அதுதான் 'அலமரல் அசைவளி'. அலமரல் என்ற சொல் காற்றின் மேல் இருக்கிறது, ஆனால் படிக்கிறவன் அவளைத்தான் பார்க்கிறான். உன் இருப்புக் கொள்ளாமைக்கு அத்தனை பெரிய பாட்டெல்லாம் வேண்டாம், அது வேறு ஜாதி.

அலமரலையும் அலமாரியையும் முடிச்சுப் போட்டு ஒரு கதை கட்டிவிடாதே, உன்னைத் தெரியும். அலமாரி போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலியால் எனக்கு இருப்புத் தாராளமாகவே கொள்கிறது, எழுந்திருக்கத்தான் மனசில்லை. ஐந்தாவது தடவை அடுக்கும்போது, கீழ்த்தட்டில் முதுகு கிழிந்த பச்சை அட்டை அகராதி ஒன்று கிடைக்கும். என்னுடையது. படிக்கிற காலத்தில் ஒரு வாரத்துக்கு என்று வாங்கிப்போனாய். அனுப்பி வை. 'கொள்' பற்றி நான் சொன்னது சரியா என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்