வாயைக் கட்டினால் புலிமியா தீராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், கட்டுமீறி உண்பதும் அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது போன்றவற்றைச் செய்வதுமான புலிமியா என்ற உண்ணல் கோளாறு பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். பலரும் பேசத் தயங்கும் நோயைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால், 'வாயைக் கட்டப் பழகினால் இதிலிருந்து மீளலாம்' என்று கட்டுரை முடிந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. புலிமியா உள்ளவர் ஏற்கெனவே வாயைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நோய் விடாமல் பிடித்திருப்பதே அதனால்தான்.

பெரும்பாலும் அது நடக்கும் விதம் இதுதான். காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. மதியம் பேருக்குக் கொஞ்சம். பொழுது சாய்வதற்குள் உடல் பட்டினியில் தவிக்கிறது. இரவில் தனியாக இருக்கும் நேரத்தில் கட்டு அறுந்துவிடுகிறது. பசியில் தொடங்கிய சாப்பாடு, பசி அடங்கிய பிறகும் நிற்பதில்லை. ருசிகூடத் தெரியாது; வயிறு வலிக்கும்வரை கை ஓயாது. அடுத்த கணமே குற்ற உணர்வு, எடை கூடிவிடுமே என்ற பயம். அந்தப் பயத்தில் வாந்தி, அல்லது பேதி மாத்திரை, அல்லது 'நாளை முழுக்கப் பட்டினி' என்ற தீர்மானம். அந்தப் பட்டினி, மறுநாள் இரவு அவரை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இதை மன உறுதி இல்லாதவரின் குறை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களைச் சுமார் ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்து ஆராய்ந்தார். கட்டுப்பாடு தளர்ந்ததும் அவர்களில் சிலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். பட்டினி கிடந்த உடல் அப்படி நடந்துகொள்வது இயல்புதான்.

புலிமியா என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் எருதுப் பசி என்று பொருள். நாம் யானைப் பசி என்கிறோமே, அதுபோல. தனி நோயாக இதை விவரித்தவர் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல், 1979இல். இன்றைய அளவுகோல்படி, கட்டுமீறி உண்பதும் அதை ஈடுகட்ட முயல்வதும் வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர வேண்டும். வாரம் இருமுறை என்றிருந்த விதி 2013இல்தான் தளர்த்தப்பட்டது. இதில் அளவு மட்டும் கணக்கில்லை. விருந்தில் நிறைய சாப்பிடுவது புலிமியா ஆகாது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவதுதான் அடையாளம்.

கட்டுரையோடு எலும்பும் தோலுமான ஒரு பெண்ணின் படம் போட்டிருந்தீர்கள். அது, உணவை மிகவும் குறைத்து உடல் மெலிந்துபோகும் அனோரெக்சியா என்ற கோளாறுக்குப் பொருந்தலாம். புலிமியா உள்ளவர்களில் பெரும்பாலோர் சராசரி எடையிலோ அதற்குச் சற்று மேலேயோதான் இருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும் பெற்றோர், 'நம் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆண்களுக்கும் இது வரும் என்பதும் கட்டுரையில் விடுபட்டுவிட்டது.

காரணம் ஒன்றல்ல. பரம்பரைக்குப் பங்கு உண்டு. மனச்சோர்வு, பதற்றம், சிறு வயதில் பட்ட கொடுமை, உடலைப் பற்றிய கேலி, எடை பார்த்து ஆள் எடுக்கும் விளையாட்டு, நடனம், மாடலிங் போன்ற துறைகள் எல்லாம் சேர்ந்து வழி திறக்கின்றன. பலருக்கு அந்த வழியில் முதல் அடி, கடுமையான உணவுக் கட்டுப்பாடு.

உடலுக்கு வரும் கேட்டைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பல நேரங்களில் முதலில் கண்டுபிடிப்பவர் பல் மருத்துவர். மேல்வரிசை முன்பற்களின் உட்புறத்தை, நாக்கு படும் பக்கத்தை, சிறு கண்ணாடி வைத்துப் பார்த்தால் எனாமல் வழவழவென்று தேய்ந்து, உள்ளிருக்கும் மஞ்சள் தெரியும். அமிலத்தை அளக்கும் பிஹெச் எண் குறையக் குறைய அமிலம் கூடும்; அது 5.5க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். இரைப்பை அமிலம் அந்த அளவைவிடப் பல மடங்கு கடுமையானது. வாந்திக்குப் பிறகு உடனே பல் துலக்குவது இன்னும் கெடுதல். இளகிய எனாமலைப் பிரஷ் சுரண்டி எடுத்துவிடும். தண்ணீரிலோ, சிறிது சமையல் சோடா கலந்த தண்ணீரிலோ வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

பல் போனால் கட்டிக்கொள்ளலாம். உயிரைப் பறிப்பது பொட்டாசியக் குறைவு. வாந்தியால் நீரும் உப்பும் குறைந்ததும், இருக்கும் உப்பைக் காப்பாற்ற உடல் ஆல்டோஸ்டீரான் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 3க்குக் கீழே இதயத் துடிப்பு தடுமாறும் ஆபத்து கூடுகிறது, 2.5க்குக் கீழே அவசர சிகிச்சை தேவை. மாத்திரை கொடுத்தும் பொட்டாசியம் ஏறவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பார்க்க வேண்டும். மெக்னீசியம் குறைவாக இருந்தால் பொட்டாசியம் உடலில் தங்காது. சோடியம், குளோரைடு, சிறுநீரகப் பரிசோதனை, ஈசிஜி ஆகியவையும் தேவை. ஒரு நாள் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது என்பதற்காக நோயே இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

பேதி மாத்திரை விஷயத்தில் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. உணவின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். இந்த மாத்திரைகள் பெரும்பாலும் வேலை செய்வது அதற்குப் பிறகு வரும் பெருங்குடலில். தராசில் குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான். நிறுத்தியதும் கால், முகம் வீங்கலாம், மலச்சிக்கல் வரலாம். வாந்தியை நிறுத்திய சில நாளில் காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியும் வீங்கலாம். 'முகம் பருத்துவிட்டது' என்று பயந்து பலர் பழைய வழிக்கே திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். இந்த வீக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக வடியும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பேதி மாத்திரையை நீண்ட நாள் எடுத்தவர்கள் அதை மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவது நல்லது.

சிகிச்சை, கட்டுரை சொன்னதற்கு நேர் எதிரானது. பெரியவர்களுக்கு முதலில் தருவது சிபிடி எனப்படும், சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சை. சுமார் 20 வாரத்தில் 20 அமர்வுகள். அதன் முதல் வேலை, சாப்பிட வைப்பது: நாளுக்கு மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு. விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. முந்தின இரவு கட்டுமீறிச் சாப்பிட்டிருந்தாலும் மறுநாள் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. நோயாளிக்கு மிகவும் கடினமானது இதுதான். என்ன சாப்பிட்டார், அப்போது மனம் எப்படி இருந்தது என்பதை உடனுக்குடன் குறித்து வைக்க வேண்டும். எடை பார்ப்பது வாரம் ஒரு முறை போதும். வளரிளம் பருவத்தினருக்குக் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு செய்யும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. மருந்தில் ஃப்ளூக்செட்டின் நாளுக்கு 60 மில்லிகிராம் வரை தரப்படுகிறது. மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தொடங்கும் 20 மில்லிகிராம் பெரும்பாலும் போதாது. மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோப்பியான், வலிப்பு வரும் ஆபத்து இருப்பதால் இவர்களுக்கு ஆகாது.

வீட்டில் இருப்பவர்கள் தட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லாமல் இருந்தாலே பாதிப் பாரம் குறையும். எடை கூடியது, குறைந்தது என்ற பேச்சே வேண்டாம்; பாராட்டாகச் சொன்னாலும் அது தைக்கும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் அவருடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். ரத்த வாந்தி, மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, கை கால் தளர்ச்சி, சாக வேண்டும் என்ற பேச்சு, இவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம். இனி இதுபற்றி எழுதும்போது எடைக் கணக்கு, கலோரிக் கணக்கு, ஒல்லியான உடல்களின் படம் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, அந்த இடத்தில் மேலே சொன்ன அவசர அறிகுறிகளைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
உண்ணல் கோளாறு சிகிச்சைப் பணியில் உள்ள மருத்துவர்கள், ஊட்டச்சத்து ஆலோசகர்கள்