உங்கள் பாட்டியின் பெயர் என்ன? – பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இது கட்டணம் பற்றிய கடிதம் இல்லை, மதிப்பெண் பற்றியதும் இல்லை. அதனால் பயப்படாமல் படிக்கலாம். ஜூலை 30ஆம் தேதி நம் பள்ளியில் பெண்களின் ஓட்டுரிமை பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறோம். அதற்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஓர் உதவி வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஓர் ஆசிரியை விடுப்பில் இருந்ததால் ஒன்பதாம் வகுப்பில் நான் போய் உட்கார்ந்தேன். “எழும்பூரில் ருக்மணி லட்சுமிபதி சாலை தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியும் மிஸ், கண் ஆஸ்பத்திரி ரோடு.” “சரி, ருக்மணி லட்சுமிபதி யாரு?” சத்தமே இல்லை. கடைசியில் ஒருத்தி மெதுவாக எழுந்து, “அந்த ஆஸ்பத்திரியைக் கட்டினவங்களா மிஸ்?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கும் அதே சந்தேகம்தான் போல.

ஆஸ்பத்திரியை அவர் கட்டவில்லை. 1930இல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946இல் சுகாதார அமைச்சர் ஆனார். ஆக, அந்தப் பெண் சொன்ன பதில் ரொம்பவும் தப்பில்லை என்று அப்புறம் எனக்கே தோன்றியது.

ஆனால் ஒரு பெண் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும் என்றால், முதலில் பெண்ணுக்கு ஓட்டு இருக்க வேண்டுமே. அந்த ஓட்டைக் கேட்டது நம் ஊரில்தான். 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா, மார்கரெட் கசின்ஸ் ஆகியோர் அதன் முன்னணியில் இருந்தார்கள். அயர்லாந்துக்காரரான கசின்ஸ், தம் நாட்டில் இருந்தபோதே பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிச் சிறைக்குப் போனவர்.

அந்த வருடக் கடைசியில், பிரிட்டிஷ் அரசில் இந்திய விவகாரங்களைக் கவனித்த மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். பெண்கல்வி பற்றிப் பேச அவரைச் சந்திக்க வேண்டும் என்று கசின்ஸ் எழுதிக் கேட்டார். அரசியல் விஷயமாக வரும் குழுக்களை மட்டும்தான் சந்திப்பார் என்று பதில் வந்தது. நானாக இருந்தால் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். அவர்கள், “அரசியல்தானே வேண்டும், சரி” என்று ஓட்டுரிமையையும் மனுவில் சேர்த்துவிட்டார்கள். டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று இந்த ஊரிலேயே மாண்டேகுவைப் பார்த்தது. வாக்குரிமை விதிகளை எழுதும்போது பெண்களையும் ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் சேர்க்க வேண்டும் என்று கேட்டது.

உடனே கிடைத்துவிடவில்லை. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் முடிவை அந்தந்த மாகாண சபைகளின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த சென்னைச் சட்டசபை 1921 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்த முதல் மாகாணம் நம்முடையதுதான்.

இதில் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்குக் கிடைத்தது சொத்து உள்ளவர்களுக்கான ஓட்டு. பூ விற்றவருக்கும் மீன்கூடை சுமந்தவருக்கும் அதில் இடம் இல்லை. எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு வர 1951–52 பொதுத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தேதியை ஜூலை 30 என்று வைத்ததற்குக் காரணம், அன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று ஊரே எதிர்த்தபோது, மகாராஜாவின் தயவில் இடம் கிடைத்துப் படித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். பெண்கள் சட்டசபை உறுப்பினர் ஆகலாம் என்ற விதி 1926இல் வந்ததும் நியமன உறுப்பினராகி, சபையின் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே வாதாடினார். காந்தி கைதானதும் 1930இல் பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆதரவில்லாத பெண்பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கியதும் அதே வருடம்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். இன்று நாம் ‘அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் இடம் அவருடைய முயற்சியில் வந்தது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் ஒரு வாக்குச்சாவடியில் தேர்தல் பணி பார்த்தேன். வயதான அம்மா ஒருவர் சீட்டை நீட்டினார். வழக்கம்போல “பேர் என்னம்மா?” என்றேன். மூத்த மகன் பெயரைச் சொல்லி, “அவன் அம்மா” என்றார். “உங்க பேரும்மா.” கொஞ்சம் யோசித்தார். பின்னால் நின்ற மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள்தான் சொன்னார். அந்த அம்மாவுக்குத் தன் பெயர் மறந்துவிடவில்லை. அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்டுப் பல வருடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

முதல் பொதுத்தேர்தலின்போது இதே சிக்கல் நாடு முழுவதற்கும் வந்தது. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டுமே சொல்லி, சொந்தப் பெயரைச் சொல்லாமல் விட்ட சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலும் வட மாநிலங்களில்தான். ஆனாலும் அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

கண்காட்சியின் பாதிச் சுவர் ருக்மணி லட்சுமிபதிக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் அவர்களோடு நின்றவர்களுக்கும். மீதிச் சுவர் உங்கள் வீட்டுப் பாட்டிகளுக்கு. பாட்டியின் முழுப்பெயர், பிறந்த ஊர், முதன்முதலில் எங்கே, யாரோடு போய் ஓட்டுப் போட்டார் என்பதைப் பிள்ளையே கேட்டு, தன் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். பாட்டி இல்லாத வீட்டில் பெரியம்மாவோ பக்கத்து வீட்டு ஆயாவோ போதும். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து எழுதினால் எங்களுக்குத் தெரிந்துவிடும். புகைப்படம் கட்டாயம் இல்லை.

மாணவியர் தலைவி தேர்தலும் அதே வாரத்தில். இதுவரை ஆசிரியர்களே தேர்ந்தெடுத்து வந்தோம். நல்லதைத்தான் செய்கிறோம் என்ற நினைப்பு. இனி ரகசிய வாக்கெடுப்பு. ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவு அறைதான் வாக்குச்சாவடி. பொதுத்தேர்தலுக்கும் அந்த அறைதானே! வாக்குச்சாவடி அலுவலர்களாக உட்கார அம்மாக்கள் நான்கு பேர் வேண்டும்.

நம் ஊர் மேயர் ஒரு பெண் என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிறார்கள். 2022இல் பொறுப்பேற்ற பிரியா, சென்னையின் மூன்றாவது பெண் மேயர். அதே பிள்ளைகளுக்கு, 2021 தேர்தலில் 234 தொகுதிகளில் 12இல் மட்டுமே பெண்கள் ஜெயித்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். நம் பள்ளிக்குள்ளேயும் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இருக்கிறார்கள். ஆனால் ஒரு தீர்மானம் என்று வந்தால், “வீட்ல அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர்” என்கிறார்கள். கேளுங்கள், தப்பில்லை. உங்கள் கருத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்க் கேளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு: 17 வயது முடிந்த பிள்ளை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். படிவம் 6. பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும்.

கீழே உள்ள ஒப்புதல் சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். இத்தனை வருடமாக அதில் ‘தந்தை / பாதுகாவலர் கையொப்பம்’ என்று ஒரே ஒரு கோடுதான் இருந்தது. நானும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்த முறை தாய்க்கும் ஒரு கோடு போட்டிருக்கிறோம். அதில் அம்மா தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை
சென்னை