மாதிரித் தேர்வு நடத்த ஓர் அக்கா போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீட் மாணவர்களுக்காகத் தங்கள் நாளிதழ் வெளியிடும் பயிற்சி வினாக்களைப் பல வீடுகளில் கத்தரித்துச் சேர்த்து வைக்கிறார்கள். பயனுள்ள பகுதி. ஆனால் நாளுக்குப் பத்து வினா போட்டுப் பார்ப்பது வேறு, 180 வினாக்களை 180 நிமிடத்தில் முடிப்பது வேறு. இரண்டாவதைப் பழக்க வீட்டில் ஒருவர் உட்கார்ந்து தேர்வு நடத்த வேண்டும். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத வீடுகளில் அந்த ஆள் பெரும்பாலும் அக்காவோ அண்ணனோதான். "நான் பி.காம். படித்தவள், எனக்கு இயற்பியல் தெரியாதே" என்று அவர்கள் ஒதுங்கவே வேண்டாம். தேர்வை ஒழுங்காக நடத்தவும், முடிந்தபின் தவறுகளுக்குக் கணக்கு எழுதவும் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் நேரம். நீட் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது. வீட்டில் மாதிரித் தேர்வைக் காலை ஆறு மணிக்குத் தெளிந்த தலையோடு எழுத வைத்துவிட்டு, மே மாத வெயிலில் மதியம் எழுதும்போது மார்க் ஏன் குறைகிறது என்று திகைப்பதில் பொருளில்லை. ஞாயிறு மதியம் 2 மணிக்கே உட்கார வையுங்கள். 12 மணிக்குள் சாப்பாடு முடியட்டும், வயிறு நிறையச் சோறு வேண்டாம். நிஜத் தேர்வில் 1.30 மணிக்கு வாசல் கதவை அடைத்துவிடுவார்கள் என்பதால், சாப்பாட்டுக்கும் வினாத்தாளுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழும். அதற்கும் உடம்பு பழக வேண்டும். மேசை, நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். செல்போன் வேறு அறையில், வீட்டில் எல்லோருடையதும். கணக்குப் போட்டுப் பார்க்கத் தனித்தாள் தராதீர்கள். தேர்வில் வினாத்தாளிலேயே உள்ள இடத்தில்தான் போட வேண்டும்.

விடைக்குரிய வட்டத்தைக் கருக்கிக் காட்டும் ஓ.எம்.ஆர். விடைத்தாளைப் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். விடையை வினாத்தாளிலேயே டிக் செய்து முடித்தால் அது பாதித் தேர்வுதான். ஒரு வட்டத்தைக் கருக்க மூன்று விநாடி என்று வைத்தாலும் 180 வட்டத்துக்கு ஒன்பது நிமிடம். எண்ணைத் தேடிச் சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல்தான் கடைசிப் பத்து வினாக்கள் பறிபோகின்றன. ஓ.எம்.ஆர். மாதிரியை அச்செடுத்து, ஜெராக்ஸ் கடையில் பத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பால்பாயின்ட் பேனாவால் மட்டுமே கருக்கச் சொல்லுங்கள். தேர்வு மையத்தில் பேனாவை அவர்களே தருவார்கள், ஆகவே ராசியான பேனா என்று ஒன்றைப் பழக்க வேண்டாம். வட்டத்தைக் கருக்கியபின் மாற்ற முடியாது, வொயிட்னரும் கூடாது.

இதில் அடிக்கடி நடக்கும் விபத்து வரிசை நழுவுவது. 47ஆம் வினாவைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, 48இன் விடையை 47இன் வட்டத்தில் கருக்கிவிடுவார்கள். அதன்பின் அத்தனையும் ஒரு வரி மேலே ஏறிவிடும். எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்துக் கருக்கும் பிள்ளைகளிடம் இது அதிகம். வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் வட்டங்களைக் கருக்கி, பக்கத்தின் கடைசி வினா எண்ணும் கடைசியாகக் கருக்கிய வட்டத்தின் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் புரட்டும் பழக்கம் இதைத் தடுக்கும்.

நேரப் பங்கீடு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உயிரியலில் 90 வினா, அதற்கு 50 நிமிடம். வேதியியல் 45 வினாவுக்கு 50. இயற்பியல் 45 வினாவுக்கு 60. மிச்சம் 20 நிமிடம் விட்டுப்போனவற்றுக்கு என்று தொடங்கிப் பார்க்கலாம். முதல் மூன்று தேர்வுகளில் யாருக்கும் இது அமையாது. திட்டாமல், எந்தப் பாடத்தில் எத்தனை நிமிடம் கூடியது என்று மட்டும் குறித்து வையுங்கள்.

சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு 1 குறைப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். ஊகம் எப்போது லாபம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. விடை எழுதும்போதே, உறுதியான வினாவின் ஓரத்தில் ஒரு டிக், இரண்டில் ஒன்று என்று தயங்கியதற்குக் கேள்விக்குறி, குருட்டாம்போக்கில் போட்டதற்குப் பெருக்கல்குறி இடச் சொல்லுங்கள். திருத்தும்போது மூன்றையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். கேள்விக்குறி இட்ட 20 வினாவில் 10 சரி என்றால் 40இல் 10 போக 30 மார்க் லாபம். 4 மட்டும் சரி என்றால் 16இல் 16 போக ஒன்றுமில்லை. ஐந்துக்கு ஒன்றுகூடச் சரியாகாத பாடத்தில் ஊகத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பொதுவாக "ஊகிக்காதே" என்று சொல்வதைவிட, தம்பியின் சொந்தக் கணக்கைக் காட்டுவது நன்றாக ஏறும்.

முடிந்தவுடன் "எத்தனை மார்க்குடா?" என்று கேட்காதீர்கள். டீ குடித்துவிட்டு வெளியே நடந்து வரட்டும். திருத்தலை இரவில் நீங்கள் செய்யுங்கள், மறுநாள் இருவரும் சேர்ந்து தவறுகளைப் பாருங்கள். இதற்குத் தேர்வு எழுதிய அளவு நேரம், மூன்று மணி, ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியாது, வினாவைச் சரியாக வாசிக்கவில்லை, கணக்குப் பிழை, வட்டம் மாறியது. ஓர் உதாரணம்: "27 டிகிரி செல்சியஸில் உள்ள வாயுவின் கன அளவு, அழுத்தம் மாறாமல், இரு மடங்காக வேண்டும். வெப்பநிலை என்ன?" 27ஐ 300 கெல்வினாக மாற்றி, இரட்டித்து 600 ஆக்கி, திரும்பச் செல்சியஸுக்கு வந்தால் 327. அலகை மாற்ற மறந்தவருக்கு 54 என்றும், திரும்ப மாற்ற மறந்தவருக்கு 600 என்றும் வினாத்தாளில் விடை தயாராகக் காத்திருக்கும். இந்தப் பிள்ளைக்கு வாயு விதி தெரியும், மறுபடி பாடம் படித்துப் பயனில்லை. அலகைக் கண்டவுடன் வட்டமிடும் பழக்கம்தான் தேவை. இப்படித் தெரிந்தும் விட்டவை ஒவ்வொன்றும் 5 மார்க் பெறும்: வரவேண்டிய 4, குறைந்த 1. பன்னிரண்டு இருந்தால் 60 மார்க்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒன்று கூடுதல். அவர்களுடைய வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும். உந்தம் மொமன்டம், நிலைமத் திருப்புத்திறன் மொமன்ட் ஆஃப் இனர்ஷியா, கணத்தாக்கு இம்பல்ஸ் என்று ஒரு சிறு நோட்டில் சொற்களை இணையாக எழுதி வந்தால், மொழிபெயர்ப்பு குழப்பும்போது பக்கத்துப் பத்தியைப் பார்த்துத் தெளிய முடியும்.

பழைய வினாத்தாள்களில் ஓர் எச்சரிக்கை. 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் 200 வினாக்கள் உண்டு; இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்ற நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றிலும் 35 கட்டாயம், மீதி 15இல் விரும்பிய 10. 2022 முதல் 2024 வரை நேரமும் 200 நிமிடம். 2025இல் விருப்பத் தேர்வு போய்விட்டது. அந்தப் பழைய தாள்களைப் பயன்படுத்தினால் பகுதிக்கு 35உடன் அந்த 15இல் முதல் 10 வினாவை மட்டும் வைத்து, 180 நிமிடத்தில் எழுத வையுங்கள்.

தங்களிடம் கேட்பது இது. மாதம் ஒருமுறையாவது 180 வினாவையும் சனிக்கிழமை இதழில் முழுத்தாளாகத் தாருங்கள். ஓ.எம்.ஆர். தாளை உண்மை அளவில் அச்சிடுங்கள். விடைகளை அதே பக்கத்தில் தலைகீழாகப் போடாமல், திங்கள்கிழமை இதழில், ஒவ்வொரு வினாவும் எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்ற குறிப்போடு வெளியிடுங்கள். இயற்பியல் தெரியாத அக்காவும் அதை வைத்துத் தங்கைக்குத் திருத்திக் கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகங்கை.